படித்ததாகக் கருதப்பட்ட பகுதி

வெண்கலத்தின் பேச்சுக்கு எப்போதும் இரண்டு பகுதிகள். முதல் பகுதியில் தொகுதி ஓஹோவென்று இருக்கும். இரண்டாம் பகுதியில் அதே தொகுதி ஐயோவென்று இருக்கும். ஓஹோவுக்குக் கைதட்டல் கிடைக்கும், ஐயோவுக்கு நிதி கிடைக்கும்.

வெண்கலம் என்பது நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஊர் வைத்த பெயர். குரல் அப்படி. பக்கத்து அறையில் அவர் தும்மினால் இந்த அறையில் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். அந்தக் குரலுக்குள் போடவேண்டிய சொற்களை எழுதித் தருபவன் அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. "அண்ணியோட இலவச இணைப்பு" என்று கட்சிக்காரர்கள் அவன் காதுபடவே சொல்வார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். பல காலம் அடுத்தவர் வாய்க்கு எழுதியவனுக்குத் தன் முகத்தில் என்ன ஓடவேண்டும் என்பது மறந்துபோயிருந்தது.

இந்தக் கூட்டத்தொடரில் கிடைத்த தலைப்பு, பிராந்தியத் தொழில் வளர்ச்சியும் பொதுச் சுகாதாரப் பற்றாக்குறையும். தொழிற்பேட்டையில் புது ஆலைகள், குளிர்பதனக் கிடங்குகள், ஏற்றுமதி என்று ஓஹோ பகுதி தானாக வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. சிக்கல் அடுத்ததில். இவ்வளவு செழிப்பான ஊரின் அரசு மருத்துவமனையில் ஏன் ஆளில்லை என்று எவனாவது எதிர்வரிசையில் எழுந்து கேட்டால்? மைத்துனன் யோசித்து, நடுவில் 'அதே வேளையில்' என்று போட்டான். டெண்டர் விடாமல், கமிஷன் இல்லாமல் அரசியலில் கட்டப்படும் ஒரே பாலம் அதுதான்.

பாலத்தைக் கடந்து இறங்கும்போது மனைவி தொலைபேசியில் வந்தாள்.

"என்னங்க, இன்னைக்கும் இல்லையாம்."

"ஏன்?"

"மயக்க டாக்டர் இல்ல. கத்தி இருக்கு, வெட்டற டாக்டர் இருக்காரு, மயக்கம் குடுக்கத்தான் ஆள் இல்ல. முழிச்சுக்கிட்டே படுத்துக்கறீங்களான்னு கேக்காததுதான் பாக்கி."

"வலி எப்படி இருக்கு?"

"அது ஒண்ணுதான் லீவு போடாம வருது."

பித்தப்பையில் கல். எடுக்காமல் விட்டால் சீழ் வைத்துவிடும், அப்புறம் யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று அறுவை மருத்துவர் சொல்லியிருந்தார். தனியார் மருத்துவமனையில் மறுநாளே எடுத்துப்போட்டுவிடுவார்கள். ஆனால் ஒரு தேர்தல் கூட்டத்தில் வெண்கலம் உணர்ச்சிவசப்பட்டு, "என் குடும்பத்துல ஒருத்தருக்கு ஒண்ணுன்னா, அரசு மருத்துவமனை வாசலைத்தான் மிதிப்போம்!" என்று முழங்கிவிட்டார். அதை எழுதிக்கொடுத்தவனும் மைத்துனன்தான். முழங்கியவருக்கு உடம்பு கல்லுக்குண்டு போல இருந்தது. எழுதியவன் மனைவிக்குக் கல் வந்தது.

"மாப்ள, பேப்பர்காரன் பாத்துக்கிட்டே இருக்கான். நம்ம வீட்டுப் பொண்ணே அங்கதான் வைத்தியம் பாக்குறான்னா, அதைவிட என்ன வேணும்?" என்று வெண்கலம் அவன் தோளில் தட்டியிருந்தார்.

மைத்துனன் தொலைபேசியை வைத்தான். 'கத்தி இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார், மயக்கம் கொடுக்கத்தான் ஆளில்லை' என்று பேச்சின் இரண்டாம் பகுதியில் எழுதினான். படித்துப் பார்த்தான். வாக்கியம் நன்றாக வந்திருக்கிறது என்று தோன்றியது. அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை. தோன்றும் என்று கொஞ்சம் காத்திருந்துவிட்டு, தேநீர் குடிக்கப் போனான்.

அவையில் வெண்கலம் எழுந்தபோது, தூங்கிக்கொண்டிருந்த உறுப்பினர்கள் குரலுக்குப் பயந்து விழித்தார்கள். பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து மைத்துனன் பிரதியை வரிவரியாக விரலால் தொடர்ந்துகொண்டிருந்தான். ஓஹோ பகுதி அருமையாகப் போனது. குளிர்பதனக் கிடங்கு என்ற இடத்தில் ஆளுங்கட்சிக்காரர்களே மேசையைத் தட்டினார்கள். தட்டியதுதான் வினை. தட்டல் கேட்டால் வெண்கலத்துக்குப் பிரதி கண்ணில் தெரியாது. கிடங்கைக் கட்டியவர் தம் நண்பரான வணிகர் சங்கத் தலைவர் என்றார், அவருடைய கடின உழைப்பு என்றார், தாம் சிறுவயதில் பார்த்த ஊர் என்றார், இன்று அதே ஊருக்கு வெளிநாட்டுக்காரன் வரிசையில் நிற்கிறான் என்றார். மைத்துனனின் விரல் மட்டும் 'அதே வேளையில்' மேலேயே நின்றுகொண்டிருந்தது.

மணி அடித்தது.

"முடித்துக்கொள்ளுங்கள்" என்றார் அவைத் தலைவர்.

"ஐயா, இன்னும் முக்கியமான பகுதி..."

"மீதியை அவையில் வைத்துவிடுங்கள். படித்ததாகக் கருதப்படும்."

வெண்கலம் தாளை மடித்து எழுத்தரிடம் நீட்டிவிட்டு உட்கார்ந்தார். கத்தியும் மருத்துவரும் வராத மயக்கமும் ஒரு கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டன.

நடைகூடத்தில் அவர் முகம் கல்யாண வீட்டு முகமாக இருந்தது.

"எப்படி மாப்ள? அதிர்ந்துச்சுல்ல?"

"அதிர்ந்துச்சு மாமா. ஆஸ்பத்திரிதான்..."

"அதான் குடுத்துட்டோமே."

"வாயால சொல்லலியே மாமா."

"அட, நீ ஒருத்தன்! வாயால சொல்றது காத்துல போயிடும். எழுத்துல குடுத்தா அவைக்குறிப்புல நிக்கும். பேசினதைவிட பேசாததுதான்யா கெட்டி."

அவர் சொன்னது பொய்யில்லை. மறுநாள் செய்தித்தாளில் 'மருத்துவமனை அவலம்: நாடாளுமன்றத்தில் முழக்கம்' என்று வந்தது. மைத்துனன் அனுப்பிய செய்திக்குறிப்புதான். படத்தில் வெண்கலத்தின் வாய் திறந்திருந்தது. அது கிடங்கைப் பற்றித் திறந்த வாய் என்று படத்தைப் பார்த்து யார் சொல்லமுடியும்?

ஆச்சரியம் என்னவென்றால், பேசாத பேச்சுக்குப் பலன் கிடைத்துவிட்டது. யாரோ ஒரு அதிகாரி அவைக்குறிப்பைக் கடைசிவரை படித்துத் தொலைத்திருக்கிறார். பக்கத்து மாவட்டத்திலிருந்து மயக்க மருத்துவர் ஒருவர் வியாழன்தோறும் வந்துபோவார் என்று ஆணை வந்தது. இரவல் டாக்டர், மதியம் வரைக்கும்தான். அதற்குப் பிறகு அவர் ரயிலைப் பிடித்து, சொந்த மருத்துவமனையின் பற்றாக்குறைக்குத் திரும்பிவிடவேண்டும்.

"வர்ற வியாழக்கிழமை என் பேருதான் முதல்ல" என்றாள் மனைவி. "நீங்க வருவீங்கல்ல?"

"வராம?"

"இல்ல, கேட்டுவச்சேன். நம்ம கல்யாணத்துக்கே கட்சி மாநாடு முடிச்சுட்டுத்தான வந்தீங்க."

அதே சமயத்தில் வணிகர் சங்கத் தலைவர், வெண்கலத்துக்கு நன்றி பாராட்டும் விழா நடத்த ஆசைப்பட்டார். எங்கே நடத்துவது? கிடங்கில் நடத்தினால் ஒருமாதிரி பேசுவார்கள். மருத்துவமனையில் நடத்தினால் ஊரே நெகிழும். தேதியை மட்டும் பார்த்துச் சொல் என்று வெண்கலம் மைத்துனனிடம் விட்டார்.

மைத்துனனிடம் விழாவுக்கென்றே ஒரு நிகழ்ச்சிநிரல் இருந்தது. பள்ளிக்கூடமா, பாலமா, தண்ணீர்த் தொட்டியா, இடத்தின் பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும். 'ஆசிரியர்கள் அனைவரும் வாசலில் நின்று வரவேற்பர்' என்ற இடத்தில் 'மருத்துவர்கள்' என்று போட்டான். வெண்கலத்தின் நாட்குறிப்பில் வியாழன் காலைதான் காலியாக இருந்தது. வியாழன் என்று போட்டான். கண்காணிப்பாளருக்கு அனுப்பினான்.

அவன் தலைக்குள் வீட்டுக்கு ஒரு வியாழனும் அலுவலகத்துக்கு ஒரு வியாழனும் தனித்தனி அறையில் இருந்தன. நடுவில் கதவே வைக்கவில்லை. இரண்டும் ஒரே வியாழன் என்பது, அன்று காலை மருத்துவமனை வாசலில் பந்தலைப் பார்த்தபோதுதான் உறைத்தது. உறைத்தது என்று சொல்வதுகூட மிகை. பல் பிடுங்கிய பிறகு நாக்கு அந்த இடத்தைத் தொட்டுப்பார்க்குமே, அப்படித் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

வாசலில் மருத்துவர்கள் வெள்ளை அங்கியோடு வரிசையில் நின்றார்கள். கடைசியில் மெலிந்த ஒருவர் பூங்கொத்தோடு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். இரவல் டாக்டர்.

"சார், உள்ள ஒரு ஆபரேஷன் இருக்குல்ல?" என்றான் மைத்துனன்.

"மூணு இருக்கு. எனக்கும் ஆசைதான். கண்காணிப்பாளர் விடமாட்டேங்கறார்."

கண்காணிப்பாளர் மருத்துவராக இருந்து காலப்போக்கில் கோப்பாக மாறியவர். நிகழ்ச்சிநிரலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதானே சார் அனுப்பினீங்க? 'அனைவரும்'னு போட்டிருக்கு. ஒருத்தர் கொறஞ்சாலும் அனைவரும் ஆகாது. நாளைக்கு உங்க மாமா 'அந்த டாக்டருக்காகத்தான் நான் முழங்கினேன், அவரே எங்கய்யா'ன்னு கேட்டா, நான் யாரைக் காட்டறது? எம்பி வந்து ஒரு போட்டோ எடுத்துட்டா உடனே அனுப்பிடறேன்."

அது நியாயமாகத்தான் பட்டது. கெட்ட காரியம் எல்லாமே நியாயமாகப் படுவது அவனுக்குப் பழகியிருந்தது. வெண்கலம் வழியில் ஒரு ஆலைத் திறப்பில் இருந்தார். இதோ கிளம்பியாச்சு என்று ஓட்டுநர் சொன்னார். அவர் எப்போதும் அப்படித்தான் சொல்வார்.

உள்ளே அறுவை அரங்கின் வெளிநடையில், தள்ளுகட்டிலில் பச்சை அங்கியோடு மனைவி படுத்திருந்தாள். முந்தின ராத்திரியிலிருந்து பச்சைத்தண்ணீர்கூட இல்லை. உதடு வெடித்திருந்தது. ஒரு கை வலப்பக்க விலாவுக்குக் கீழே அழுத்திக்கொண்டிருந்தது.

"டாக்டர் வந்துட்டாராமே?"

"வந்துட்டாரு."

"எங்க?"

"வாசல்ல."

"வாசல்ல என்ன பண்றாரு?"

"நம்ம மாமாவுக்குப் பூ குடுக்க நிக்கிறாரு."

அவள் கூரையைப் பார்த்தாள். கூரையில் ஒரு விசிறி, சுற்றாமல் இருந்தது.

"யாரு அங்க நிக்கச் சொன்னது?"

அவன் வாயைத் திறந்தான். வாழ்க்கையில் முதல்முறையாக எழுதிக்கொடுக்க ஆளில்லாமல் நின்றான்.

"நான்தான்" என்றான்.

அவள் திட்டுவாள் என்று பார்த்தான். திட்டியிருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். அவளோ, "ம்" என்றாள். அவ்வளவுதான்.

வெளியே திடீரென்று மேளதாளமாகக் கைதட்டல் வெடித்தது. வெண்கலம் வந்துவிட்டார். படம் எடுத்தார்கள். வெளிச்சம் சரியில்லை என்று இன்னொரு முறை எடுத்தார்கள். வணிகர் சங்கத் தலைவர் நன்றி சொன்னார். நன்றிக்கு வெண்கலம் நன்றி சொன்னார். பிறகு ஒலிவாங்கியைப் பிடித்து, "இந்த மருத்துவமனைக்காக நாடாளுமன்றத்தில் நான்..." என்று தொடங்கினார். இங்கே மணி அடிக்க ஆளில்லை. அவையில் மடித்துக் கொடுத்த பகுதியை முழுசாக, ஒரு எழுத்து விடாமல் முழங்கினார். கத்தி இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார் என்ற இடத்தில் கூட்டம் ஆரவாரித்தது. நடைச்சுவர் அதிர்ந்தது. தன் வார்த்தைகள் சுவரைத் தாண்டி வருவதை மனைவி படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரவல் டாக்டர் உள்ளே ஓடிவந்தார், கையில் இன்னும் பூங்கொத்தின் காகிதத்தோடு.

"சார், மன்னிச்சுக்கங்க. இதுக்கு மேல ஆரம்பிச்சா பாதியில விட்டுட்டுப் போகமுடியாது. அங்க எனக்கு சாயங்காலம் ஒரு பிரசவ ஆபரேஷன் இருக்கு. அடுத்த வியாழன் கண்டிப்பா."

"அடுத்த வியாழனும் விழாவா?" என்று மனைவி மைத்துனனைக் கேட்டாள்.

"இல்ல. அவை நடக்கும்."

"அப்போ வாய்ப்பு இருக்கு" என்றாள். சொல்லிவிட்டுக் கட்டிலிலிருந்து மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். "அந்தப் பையை எடுங்க. புடவை மாத்தணும்."

"எங்க போற?"

"வணிகர் சங்கத் தலைவரோட தனியார் ஆஸ்பத்திரிக்கு. அண்ணிகிட்ட அப்பவே பேசிட்டேன். போன்லயே திட்டினாங்க. 'பைத்தியக்காரி, எங்க வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி வந்தப்ப எங்க போனாருன்னு நெனச்ச? சுற்றுப்பயணம்னு பேப்பர்ல போட்டாங்களே, அது எந்த ஊர்னு நெனச்ச?'ன்னு கேட்டாங்க."

அந்தச் சுற்றுப்பயணச் செய்தியையும் எழுதியவன் அவன்தான். முழங்கால் விஷயம் அவனுக்குத் தெரியாது. தொழில்நுட்பப் பூங்காக்களைப் பார்வையிட்டார் என்று சொன்னார்கள், எழுதினான்.

"பேப்பர்ல வந்தா மாமா என்னை..."

"வரட்டும். நீங்க எழுதினாத்தானே வரும்."

புடவை மாற்றும்வரை திரையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பின்வாசல் வழியாக, சலவைத் துணி மூட்டைகளுக்கு நடுவே நடந்தார்கள். இரண்டு எட்டுக்கு ஒருமுறை அவள் நின்றாள். அப்போதெல்லாம் அவள் விரல்கள் அவன் முழங்கையில் பதிந்தன. வலித்தது. வலிக்கிறது என்பதை அவன் சற்றுத் தாமதமாகத்தான் கவனித்தான். கவனித்த பிறகு, கையை அவளிடமே விட்டுவைத்தான்.

டாக்ஸி வந்து நிற்கும்போது தொலைபேசி அடித்தது. வெண்கலத்துக்குத் தொலைபேசியே தேவையில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கேட்டது.

"மாப்ள! எங்கய்யா போன? நன்றியுரை நீதான். கூட்டம் காத்துக்கிட்டு இருக்கு. அப்படியே நம்ம வீட்டுப் பொண்ணையும் சக்கர நாற்காலியில வச்சு மேடைக்குக் கூட்டிட்டு வா. ஜனங்க பாக்கட்டும்!"

"இதோ வந்துட்டே இருக்கேன் மாமா" என்றான் மைத்துனன்.

மனைவியை உள்ளே உட்காரவைத்து, பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, ஓட்டுநரிடம் மருத்துவமனையின் பெயரைச் சொன்னான்.