கலக்காமல் எடுத்த சாம்பிள்

பால் பண்ணை ஆய்வகத்தில் டெஸ்டராகப் பதினெட்டு வருடம் குப்பை கொட்டியவர் அவர். டாங்கர் மூடியைத் திறந்ததுமே பாலின் லட்சணத்தைச் சொல்லிவிடுவார். டிரைவர்களுக்குச் சிம்ம சொப்பனம். வீட்டில் மட்டும் அந்தப் பாச்சா பலிக்காது. மனைவி அச்சகத்தில் பிழை திருத்துபவள். அவர் எழுதும் மளிகைச் சீட்டில்கூட அவளுடைய சிவப்புப் பேனா விளையாடும். இப்போது பேறுகால விடுப்பில் இருந்தாள். மகளுக்கு ஆறு வாரம். பிறந்தபோது இருந்த அளவைப் பார்த்து அவர் வைத்த செல்லப்பெயர் குண்டூசி.

அந்த வாரம் குண்டூசி அறுபது கிராம்தான் ஏறியிருந்தாள். "மூக்கடைப்பு இருந்துச்சுல்ல, சரியா குடிச்சிருக்க மாட்டா. அடுத்த வாரம் பார்ப்போம்" என்றார் எடை போட்ட நர்ஸ். மனிதருக்குப் பொறுத்தால்தானே? மறுநாள் காலை, மனைவி எடுத்து ஃபிரிட்ஜில் வைத்திருந்த தாய்ப்பால் பாட்டிலைப் பார்த்தார். அடியில் பால் லேசாக நீலம் பாரித்துத் தண்ணீராகத் தெரிந்தது. குலுக்கினால் நுரை காட்டிக்கொடுத்துவிடும் என்று, சிரிஞ்சை அடிவரை விட்டுத் திருட்டுத்தனமாகக் கொஞ்சம் உறிஞ்சி ஆய்வகத்துக்கு எடுத்துப்போனார்.

கொழுப்பு 1.4, புரதம் 1.0 என்று காட்டியது இயந்திரம். பழக்கதோஷம், கை பாட்டுக்கு எண்களைச் சீட்டில் குறித்து, கீழே எழுதியும் விட்டது: "தண்ணீர் கலப்பு. நிராகரிக்கவும்." அதன் பிறகுதான் யாருடைய பால் என்பது உறைத்தது. சீட்டைக் கிழித்துப் போட்டிருக்கலாம். சட்டைப்பையில் திணித்துக்கொண்டார். நல்ல புத்தி அவருக்கு எப்போதும் அடுத்த பஸ்ஸில்தான் வரும்.

மறுநாள் சட்டையைத் துவைக்க எடுத்த மனைவி அதைப் படித்தாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தாலாவது தேவலை.

"வரும்போது பால் பவுடர் டின் ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்க."

"இல்லம்மா, நான் சும்மா ஒரு சந்தேகத்துல..."

"தண்ணியக் குடிச்சு என் பொண்ணு இளைச்சுப் போகணுமா? நானும் தூக்கத்தை விட்டு, முதுகு ஒடிய உக்காந்து..." குரல் உடைந்தது. "எல்லாம் ரிஜெக்ட்."

மகளுக்குப் பால் கொடுக்கும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை இருக்கும். அதைப் பார்ப்பதற்காகவே அவர் வேலைக்குத் தாமதமாகக் கிளம்புவார். ஒரு துண்டுச் சீட்டில் அதை அழித்துவிட்டோமே என்று நினைத்தபோது அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அந்த மனநிலையில்தான் பண்ணைக்குப் போனார். வாசலிலேயே ஒரு டிரைவர், டாங்கரைக் கலக்காமல், அடியில் இருக்கும் குழாயில் சாம்பிள் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். இவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"யோவ், எத்தனை தடவை சொல்றது? கொழுப்பெல்லாம் மேல மிதந்துட்டு இருக்கும். கலக்காம அடியில பிடிச்சா தண்ணி மாதிரிதானே..."

சிரிஞ்சை அடிவரை விட்ட தன் கையைப் பார்த்தார்.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்லய்யா. நீ நல்லா இருப்பே!"

அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாக வீடு வந்து சேர்ந்தார். குண்டூசி வீறிட்டுக்கொண்டிருந்தாள். பொறுமையில்லாமல் மனைவியே போய் வாங்கிய டின் சமையல் மேடையில் இருந்தது. மூடியில் கரண்டிக் காம்பைக் கொடுத்து நெம்பிக்கொண்டிருந்தாள்.

"கலக்கலம்மா! நான் கலக்கவே இல்ல!"

மூச்சிரைக்க ஃபிரிட்ஜைத் திறந்து, அந்தப் பாட்டிலை எடுத்து அவள் முன் நீட்டினார். மேலே இளமஞ்சளாக, விரல் தடிமனுக்குக் கொழுப்பு மிதந்து நின்றது.

அவள் பாட்டிலைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"இதுக்குத்தானே டிரைவருங்களை எல்லாம் திட்டுவீங்க?"

"ஆமா."

"பதினெட்டு வருஷமா?"

"ஆமாம்மா."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. டின்னைத் தள்ளி வைத்துவிட்டு மகளை மடியில் போட்டுக்கொண்டாள். வீறிடல் நின்று, மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது. அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சரி, புரதம் ஒண்ணுன்னு எழுதியிருந்தீங்களே? அது கலக்கினாலும் மாறாதே" என்றாள் சற்று நேரம் கழித்து. பிழை திருத்துபவள் கண்ணிலிருந்து எது தப்பும்?

அதற்குப் பதிலை அடுத்த வாரம் நர்ஸ் சொன்னார், நடந்ததைக் கேட்டுச் சிரித்து முடித்த பிறகு. "மாட்டுப் பால்ல அது மூணு மடங்கு இருக்கும் சார். கன்னுக்குட்டி பிறந்த அன்னைக்கே எழுந்து நிக்கணும். இவ நிக்கறதுக்கு ஒரு வருஷம் ஆகும், என்ன அவசரம்? இவளுக்கு முதல்ல மூளை வளரணும். அதுக்கு வேண்டியதெல்லாம் இந்தப் பால்ல இருக்கு. வீட்டுல அம்மாவுக்குச் சளி பிடிச்சா, அதை எதிர்க்கிற சக்தியும் இதுலயே பாப்பாவுக்குப் போகும். உங்க டாங்கர் கணக்கை இங்க கொண்டு வராதீங்க."

சொல்லிக்கொண்டே குண்டூசியைத் தராசில் கிடத்தினார். இருநூற்று நாற்பது கிராம் ஏறியிருந்தாள். அப்பாக்காரர் கைக்குட்டையைத் தேடினார்.

மனைவி கைப்பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தாள். கூடவே சிவப்புப் பேனாவும் வந்தது. கடைசி வரியை அடித்து, கீழே ஏதோ எழுதி அவரிடம் நீட்டினாள்.

"பால்: ஏற்கப்பட்டது. டெஸ்டர்: நன்றாகக் குலுக்கிய பின் மறுபரிசோதனை."

இந்த முறை அவர் அதைச் சட்டைப்பையில் வைக்கவில்லை. பர்ஸைத் திறந்து, மகளின் முதல் போட்டோவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.