‘இண்டைக்கு’ என்ற சொல்

கலாராணி ரீச்சர் மீன்பிடி ஊரான தாழ்வுபாட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஆறு மாதம்தான். வெள்ளாங்குளத்தில் வயல்வேலையும் கூலிவேலையுமாக வாழ்ந்த வீட்டுப் பிள்ளை அவள். கடற்கரைப் பேச்சு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. “உங்கட ஊரைப் படம் எடுங்கோ, கீழ ஒரு வரி எழுதுங்கோ” என்று நாலாம் வகுப்புக்குச் சொன்னாள். பிள்ளைகள் வீட்டுப் போன்களைப் பறித்துக்கொண்டு ஊரெல்லாம் எடுத்துத் தள்ளிவிட்டார்கள்.

ஜெயனி கொண்டுவந்தது அவளுடைய அப்பா றெனால்டின் படம். ஞாயிறு பூசை முடிந்து வந்த மனிதர், படகு நிழலில் வாயைத் திறந்தபடி நித்திரை. கீழே எழுதியிருந்தாள்: “அப்பாவுக்கு இண்டைக்குத் தொழில் இல்லை.”

இந்தப் படங்களை வைத்து நடத்தும் கண்காட்சிக்குக் கல்விக் கந்தோரிலிருந்து அதிகாரி ஐயா வருகிறார் என்றதும், ரீச்சர் எல்லா வரிகளையும் நல்ல தமிழுக்கு மாற்றித் தன் கையாலேயே மட்டைகளில் எழுதினாள். ‘இண்டைக்கு’ பேச்சுத்தமிழ்; ‘இன்று’ என்று மாற்றவும் தோன்றாமல் வெட்டிவிட்டாள். “என் தந்தைக்குத் தொழில் இல்லை.” எழுத்து முத்து முத்தாக விழுந்தது.

வெள்ளிக்கிழமை ஐயா அந்தப் படத்தின் முன்னால் நின்றுவிட்டார்.

“பாவம். இந்தக் குடும்பத்துக்கு ஏதும் உதவி ஒழுங்கு செய்வமோ?” என்றார், எல்லோருக்கும் கேட்க.

கண்காட்சி பார்க்க வந்திருந்த றெனால்டின் பக்கத்தில் நின்ற ஊர்க்காரர் சந்தியோகு விடுவாரா? “என்னடாப்பா றெனால்ட், உனக்குத் தொழில் இல்லையாமே! அப்ப படகை ஏன் சும்மா காயவிடுறாய்? எனக்குத் தாவன்!”

சனம் கொல்லென்று சிரித்தது. றெனால்டின் முகம் கறுத்துவிட்டது. மகளைப் பார்த்தார்.

“நீயோ எழுதினனீ?”

ஜெயனி ரீச்சரைப் பார்த்தாள். ரீச்சர் குனிந்து, நேராகவே இருந்த மட்டை ஒன்றை நேராக்கினாள்.

“ஓம்” என்றாள் ஜெயனி.

“தகப்பனை ஊருக்கு முன்னால விக்கிற பிள்ளை!” என்று ஏசிவிட்டு அவர் வெளியேறினார்.

திங்கள் காலை ஜெயனியின் தாய் பிரான்சிஸ்கா ரீச்சரைப் பள்ளிக்கூட வாசல் படலையில் பிடித்துக்கொண்டாள். “மூண்டு நாளாத் தகப்பன் மகளோட கதைக்கேல்லை, ரீச்சர். ஞாயித்துக்கிழமை நாங்கள் கடலுக்குப் போறேல்லை எண்டுதானாம் எழுதினவள். கடலுக்குப் போறதைத்தானே நாங்கள் தொழில் எண்டு சொல்லுறது? பிறகேன் இப்பிடி வந்தது?”

அந்த நேரத்திலாவது சொல்லியிருக்கலாம். “பாப்பம், அக்கா” என்றாள் கலாராணி. அன்று முழுக்க ஜெயனி கை உயர்த்தவில்லை. ரீச்சருக்குச் சோற்றுப் பார்சல் பிரிக்க மனம் வரவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடற்கரைக்குப் போனாள். றெனால்ட் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார்.

“அண்ணை, அது ஜெயனி எழுதினதில்லை. அவள் ‘இண்டைக்கு’ எண்டு எழுதினவள். நான்தான் எடுத்துப்போட்டன்.”

“ஏன், அது பிழையான சொல்லோ?”

“இல்லை... வடிவாய் இருக்கட்டும் எண்டு.”

அவர் ஒரு நண்டின் காலை முறியாமல் மெல்ல விடுவித்தார்.

“அது போகட்டும். எழுத்துப் பிழைக்கிறதுதான். நான் பிள்ளையைக் கேக்கேக்க நீங்கள் அங்கதானே நிண்டனீங்கள்?”

“நிண்டனான்.”

“அவள் ஓம் எண்டு சொல்லேக்கயும்?”

“ஓம்.”

அவர் மன்னிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. வலையைப் பாதியில் போட்டுவிட்டு எழுந்தார்.

“நானும் வாறன், அண்ணை. அவளிட்ட மன்னிப்புக் கேக்கோணும்.”

“நீங்கள் நாளைக்குக் கேளுங்கோ, சனத்துக்கு முன்னால. சந்தியோகுவையும் கூட்டிக்கொண்டு வாறன்.” இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் கையைத் துடைத்தார். “இண்டைக்கு நான் கேக்கோணும். ஏசினது நான்தானே.”

மணல் கால் புதையப் புதைய அவர் வீட்டுப் பக்கம் விறுவிறென்று நடந்தார். பின்னால் போகக் கலாராணிக்குத் துணிவு வரவில்லை.