சகோதரி ஸ்டெல்லாவுக்கான விண்ணப்பம்

சிதறால் மலைக்கு இந்தப் பக்கம் உள்ள சபைக்கு நேசபாய் டீச்சர் இருபத்திரண்டு வருடமாக ஜெபச்சீட்டு எழுதி வந்தார். ஞாயிறு ஆராதனையில் போதகர் யார் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்பது டீச்சரின் கையெழுத்தில்தான் பீடத்துக்குப் போகும். தேவைப்பட்டவர்கள் சனிக்கிழமையே வீட்டுக்கு வந்து முறையிடுவார்கள். மூட்டுவலியில் ஆரம்பித்து மருமகளில் போய் முடிப்பவர்கள்தான் அதிகம். டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெயர், நோய் என்று இரண்டே வரி எழுதுவார். மிச்சம் ஆண்டவருக்குத் தெரியும் என்பது அவருடைய கட்சி.

நோயையும் அப்படியே எழுதிவிட மாட்டார். சபையில் வாசிக்கத் தக்க நோய், தகாத நோய் என்று இரண்டு வகை உண்டு. மூலம் என்றால் 'வயிற்று உபாதை' என்று எழுதுவார். குடி என்றால் 'மனச்சோர்வு'. பெண்களுக்குக் கழுத்துக்குக் கீழே எது வந்தாலும் 'சரீர பலவீனம்'. முப்பது வருடம் தையல் டீச்சராக இருந்தவர். நீண்டு நிற்கும் நூலைக் கண்டால் கத்தரிக்காமல் இருக்க முடியாது.

இரண்டாயிரத்துப் பதினாலு ஆகஸ்டில் ஸ்டெல்லாவுக்கு நோய் வந்தது. ஸ்டெல்லா டீச்சர் வளர்த்த நாய்; ஊர்ப் பேச்சில் பட்டி. ஒன்பது வயது, செவலை நிறம். டீச்சர் கல்யாணம் கழிக்கவில்லை. ஏன் என்று கேட்கும் தைரியம் ஊரில் யாருக்கும் வரவில்லை. வீட்டில் அவரும் ஸ்டெல்லாவும்தான். ஸ்டெல்லா இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்க டீச்சருக்குப் பயமாக இருந்தது. இந்தப் பயத்தை அவர் எந்தச் சீட்டிலும் எழுதியதில்லை.

மார்த்தாண்டத்தில் மிருக டாக்டர் செல்வதாஸ் ஸ்டெல்லாவின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "மார்புப் புற்று டீச்சர்" என்றார். அறையில் வேறு இரண்டு ஆண்களும் ஒரு ஆடும் இருந்தார்கள். டீச்சருக்குக் காது சூடாகிவிட்டது. டாக்டர் கண்டுகொள்ளவில்லை. கட்டியை வெட்டி எடுத்த பிறகும் பக்கத்து நிணநீர்க் கணுவில் கொஞ்சம் தங்கியிருந்தது. கீமோ ஆரம்பித்தார்கள்.

"கீமோ கெட்டதயும் அடிக்கும், நல்லதயும் அடிக்கும்" என்று டாக்டர் விளக்கினார். "அடிபட்ட நல்லத எழுப்பதுக்கு ஸ்டெம் செல்லும் சேத்துக் குடுத்துப் பாக்கலாம். நல்ல ஆரோக்கியமான ஒரு இளம் பட்டிக்க தோலுக்கு அடியில உள்ள கொழுப்பு கொஞ்சம் வேணும். அதுலேருந்து செல்லப் பிரிச்சு, லேப்ல மூணு வாரம் வளத்தி, ஸ்டெல்லாவுக்கு டிரிப்புல ஏத்தணும். எனக்ககூடப் படிச்சவரு ஒருத்தரு ஆராய்ச்சியாட்டு இதச் செய்யாரு."

"பலிக்குமா?"

"பலிக்கும்னு சொல்ல மாட்டேன். பலிக்காதுன்னும் சொல்ல மாட்டேன். புற்றுக்கே அது தீனியாயிருமோன்னு பயப்படுகவங்களும் உண்டு. பாத்துத்தான் தெரியணும்."

டீச்சருக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. வேண்டாத ஒரு வார்த்தை கிடையாது.

அந்த ஞாயிறு டீச்சர் மற்றவர்களின் சீட்டோடு தன் சீட்டையும் வைத்தார். 'ஸ்டெல்லா. மார்பில் புற்று. கீமோ நடக்கிறது.' நாய் என்று எழுதவில்லை. பெயர், நோய் என்பது அவரே போட்ட சட்டம். தனக்காக அதைத் தளர்த்துவது நியாயமில்லை. மார்பு என்ற சொல்லையும் வெட்டவில்லை. நாய்க்கு என்ன வெட்கம்?

போதகர் ஜெபசீலன் சீட்டை எடுத்தார். பார்த்தார். "நம்முடைய அருமைச் சகோதரி ஸ்டெல்லாவுக்காக..." என்று ஆரம்பித்துவிட்டார்.

டீச்சர் எழுந்து திருத்தியிருக்க வேண்டும். ஆனால் ஜெபத்தின் நடுவில் எழுந்து நிற்கும் பழக்கம் அந்தச் சபையில் இல்லை. தவிரவும் ஜெபம் நன்றாக இருந்தது. அவ்வளவு உருக்கமான ஜெபத்தை டீச்சர் தனக்காகக்கூடக் கேட்டதில்லை. ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். நாலு நாளாகப் பட்டினி கிடந்த ஸ்டெல்லா அன்று மத்தியானம் ஒரு கிண்ணம் கஞ்சியை நக்கிக் குடித்தது. அதற்குப் பிறகு திருத்துவதற்கு டீச்சருக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் ஞாயிறும் சகோதரி ஸ்டெல்லாவுக்காக ஜெபித்தார்கள். மூன்றாம் ஞாயிறு 'ஸ்டெம் செல் கொடையாளி கிடைக்க' என்று ஒரு வரி கூடிற்று. திங்கட்கிழமை வாலிபர் சங்கத்திலிருந்து பதினொரு பேரின் பெயரும் இரத்த வகையும் எழுதிய தாள் டீச்சர் வீட்டுக்கு வந்தது. டீச்சர் அதைப் பைபிளுக்குள் வைத்தார். அவர் தேடிய கொடையாளி நாலு காலுள்ளது. அடுத்த புதனுக்குள் கிடைக்காவிட்டால் கடைசி கீமோ முடியும்போது செல் தயாராகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் நாலு பேர் சுகவீனர் சந்திப்புக்கு வந்தார்கள். சொல்லாமல் வந்தார்கள். முன்னால் சங்கத் தலைவி பூங்கனி, கையில் ஆரஞ்சுப் பை. அவளுக்குப் பின்னால் ஒருத்தி ஓட்ஸ் டப்பாவோடு, ஒருத்தி பாட்டுப் புத்தகத்தோடு. கடைசியாகப் பாடகர் குழுவில் நிற்கும் ஓமனா. அவள் கையில் வெளிர் நீலத்தில் ஒரு பருத்தித் தொப்பி இருந்தது.

அவர்கள் முதலில் ஒரு பாட்டுப் பாடினார்கள். பாட்டை நிறுத்தும் வழக்கமும் அந்தச் சபையில் இல்லை. மூன்றாம் சரணம் முடிந்ததும் பூங்கனி கேட்டாள்: "ஸ்டெல்லா எங்க டீச்சர்? ஒங்க அண்ணனுக்க மகளாக்கும், இல்லியா? படுத்திருக்காளா?"

பாட்டுச் சத்தம் கேட்டு ஸ்டெல்லாவே அடுக்களையிலிருந்து வந்தது. வயிற்றில் மயிர் வழித்திருந்தது. முன்காலில் ஊசி போட்ட கட்டு. வந்து, நாலு பேரையும் வரிசையாக மோந்து, வாலை ஆட்டியது.

"இதாக்கும் ஸ்டெல்லா" என்றார் டீச்சர்.

சங்கத்தார் கொஞ்ச நேரம் வேறு ஒரு ஸ்டெல்லா வருவாளா என்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பட்டிக்கா நாங்க மூணு ஞாயிறு முட்டு குத்தி ஜெபிச்சது?" என்றாள் பூங்கனி. அவள் முகம் வெளுத்துவிட்டது. "நான் ரெண்டு வெள்ளிக்கிழம உபவாசம் இருந்தேன் டீச்சர். மார்புன்னு வாசிச்சதக் கேட்டு, எனக்கு... எனக்கு..." மேலே சொல்லவில்லை. ஆரஞ்சுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். மற்ற இருவரும் பின்னால் போனார்கள். ஓட்ஸ் டப்பாவை மறந்துவிட்டார்கள்.

ஓமனா போகவில்லை. ஸ்டெல்லாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"செவப்பு மருந்தா ஏத்துகாவ?"

"ஓம்."

"மூத்திரம் செவப்பாப் போவும். பயப்படாண்டாம்." ஸ்டெல்லாவின் காதைத் தடவினாள். "வாய்க்குள்ள புண்ணு வரும். கஞ்சிய ஆற வச்சுக் குடுங்க."

அப்போதுதான் டீச்சருக்கு அவள் எதைப் பற்றிப் பேசுகிறாள் என்று உறைத்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஓமனாவின் கணவன் விடுமுறையில் துபாயிலிருந்து வந்து இதே அறையில் நின்று அவள் நோயைச் சொன்னான். டீச்சர்தான் எழுதினார்.

"எனக்குக் கீமோ ஓடினப்ப என்ன எழுதினிய டீச்சர்?"

டீச்சர் மறந்துபோன ஓட்ஸ் டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தார்.

"சரீர பலவீனம்னு எழுதினிய. ஆறு மாசம் சபையில எல்லாரும் எனக்கு ஆட்டுக்கால் சூப்பாக்கும் கொண்டு வந்தது. எந்திரிச்சு நாலு நட நடந்தாச் செரியாயிரும்னு சொன்னாவ. முடி போனதுக்குக் கரிசலாங்கண்ணி எண்ண தந்தாவ, ஏழு குப்பி. எனக்க வாயிலயும் நிசம் வரல்ல. சீட்டுல இல்லாதத நான் எப்படிச் சொல்லுவேன்?" குரலில் கோபம் இல்லை. காய்கறி விலை சொல்வதுபோல் சொன்னாள். "அன்னைக்கு ஐயரு பீடத்துல நின்னு மார்பில் புற்றுன்னு வாசிச்சப்ப எனக்கு அழுகை வந்துட்டு. எனக்ககூட ஒருத்தி இருக்கான்னு நெனச்சேன். ராத்திரியோட ராத்திரியா அவளுக்கு இந்தத் தொப்பியத் தச்சேன்."

டீச்சருக்கு வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் மற்றவர்களுக்காகவே வெட்கப்பட்டுப் பழகியவர். தன்னை நினைத்து வெட்கப்படுவது புதிதாக இருந்தது. "தப்பு செஞ்சுட்டேன் ஓமனா" என்றார். வேறு வார்த்தை சேர்க்கவில்லை.

ஓமனா தலையாட்டினாள். "கொடையாளி கெடச்சுதா?"

"இல்ல. எளம் பட்டி வேணுமாம். கொழுப்பு எடுக்கணும்."

"எனக்க வீட்டுப் பட்டி பிங்கிக்குக் குட்டி போடாம இருக்க ஆப்பரேஷன் செய்யணும்னு நெனச்சிட்டுத்தான் இருக்கேன். ஊருல உள்ள கடுவன் பட்டி பூராவும் எனக்க வீட்டு கேட்டுல கெடக்கு. ஆப்பரேஷன் செய்யும்போ எடுக்கலாமா?"

"எடுக்கலாம்."

"அப்ப புதன்கிழம கொண்டு போவோம்." எழுந்து சேலையைத் தட்டிவிட்டாள். வாசல்வரை போய்த் திரும்பினாள். "பிங்கி அது வேற. இது வேற. எனக்கு மறு பக்கத்துல ஒரு கட்டி வந்திருக்கு. வியாழக்கிழம திருவனந்தபுரத்துல பாக்கணும். நாளைக்குச் சீட்டு எழுதுவியளா? ஸ்டெல்லாவுக்கு எழுதின மாதிரி?"

ஞாயிறு காலை போதகர் ஜெபசீலன் தன் அறையில் டீச்சருக்காகக் காத்திருந்தார். பூங்கனி மூலம் விஷயம் தெரிந்திருந்தது. நல்ல மனிதர், கடிந்து பேசத் தெரியாது. அடுத்த வாரத்திலிருந்து செயலாளர் சீட்டு எழுதுவார் என்பதை ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். பிறகு அன்றைய சீட்டை வாங்கிப் படித்தார்.

'ஓமனா. மார்பில் புற்று. மறுபடியும் கட்டி. வியாழன் பரிசோதனை.'

போதகர் இரண்டாம் முறை படித்தார். "ஓமனா... ஆளுதானே டீச்சரே?"

"ஆளுதான் ஐயா. பாடகர் குழுவுல மூணாவது நிப்பா."

"இதச் சரீர பலவீனம்னு மாத்திரலாமே. பொம்பளப் பிள்ளையில்லியா."

"முந்தி அப்படித்தான் எழுதினேன். அது பொய்யாட்டுப் போச்சு" என்றார் டீச்சர். "பட்டிக்கு மூணு வாரம் மார்புன்னு வாசிச்சிய. கோயில் இடிஞ்சு விழல்ல."

போதகர் வாசித்தார். சொல்லைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கிற்று, ஆனால் சொன்னார். ஆண்கள் பக்கத்தில் எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். ஓமனா பாடகர் குழுவில் மூன்றாவதாக நிமிர்ந்து நின்றாள். டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவோம் என்று தெரியும்.

புதன்கிழமை பிங்கிக்கு ஆப்பரேஷன் முடிந்தது. ஒரு சிறிய குப்பியில் மஞ்சளாகக் கொழுப்பு, ஐஸ் பெட்டிக்குள் போயிற்று. ஸ்டெல்லா பக்கத்து மேஜையில் டிரிப்போடு, தனக்குச் சம்பந்தமில்லாத விஷயம்போல் படுத்திருந்தது. "பலிக்குமா?" என்று ஓமனாவும் கேட்டாள். டாக்டர் அதே பதிலைச் சொன்னார்.

அப்போது பூங்கனி வந்தாள். கையில் அதே ஆரஞ்சுப் பை. டீச்சரையும் ஓமனாவையும் அவள் அங்கே எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. திரும்பிப் போகவும் முடியாமல் நின்றாள்.

"உள்ள வாங்க. என்ன விஷயம்?" என்றார் டாக்டர்.

பூங்கனி ஸ்டெல்லாவைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "டாக்டரே, ஒரு சந்தேகம். மார்புல கட்டி வலிக்காம இருந்தா, அது நல்ல கட்டியாக்குமா?"

"அப்படிச் சொல்ல முடியாது." டாக்டர் புது அட்டையை எடுத்தார். "எத்தன நாளா இருக்கு?"

"ஒரு வருஷமா."

"சாப்பிடுகா?"

"சாப்பிடுகா."

"வயசு?"

"அம்பத்திரண்டு."

டாக்டர் எழுதினார். எழுதிய பிறகு பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தார்.

பூங்கனி ஆரஞ்சுப் பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். "இவருதான் அந்த வார்த்தையக் கூசாமச் சொல்லுகாருன்னு கேட்டேன்" என்றாள். "வேற ஆருகிட்டப் போய்ச் சொல்ல?"

ஓமனா அவள் கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தாள். "நாளைக்குக் காலத்த ஆறு மணிக்கு நான் திருவனந்தபுரம் போறேன் அக்கா" என்றாள். "எனக்ககூட வாருங்க."

பூங்கனி டீச்சர் பக்கம் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது. ஆனால் சங்கத் தலைவியின் குரலில்தான் சொன்னாள்.

"செயலாளருக்கு நான் சொல்லிக்கிடுகேன். எனக்க சீட்ட நீங்க எழுதுங்க டீச்சர். பேரு, நோவு. ஒண்ணும் வெட்டாண்டாம்."

டீச்சர் கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்தார்.