பிரிண்டர் இல்லாத வீடு

கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போதே இரைகிறது என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். சும்மா இருக்கிறது என்று இவர்களாக முடிவு கட்டிவிடுகிறார்கள். பதினெட்டு வருஷமாக ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். சும்மா இருக்கிற கம்ப்யூட்டரை இதுவரை பார்த்ததில்லை. சும்மா இருக்கிற மனுஷன் என்றால் என் மச்சான் இருக்கிறார், அது வேறு கதை.

அன்று கடைக்குப் போன் பண்ணிய ஒரு பெண்ணும் அதையேதான் சொன்னாள். "நான் கையே வைக்கலண்ணா, ஃபேன் மட்டும் கத்திக்கிட்டே இருக்கு. வீட்டுக்கே வந்து பாக்க முடியுமா? அவர் ஆறு மணிக்கு வந்துடுவார், அதுக்குள்ள வந்தீங்கன்னா நல்லது."

மூன்றாவது மாடியில் இரண்டே அறை. மேஜைமேல் லேப்டாப், பக்கத்தில் சாத்திய ஜன்னல். அவளுக்கு முப்பது வயது இருக்கும். பேச்செல்லாம் அடித்தொண்டையிலேயே வந்தது.

"நாளன்னிக்குப் பன்னெண்டு மணிக்கு இதுல இன்டர்வியூ இருக்குண்ணா. வேலை வெளியூர்ல, தங்க இடமும் அவங்களே தர்றாங்க. இது மூணாவது தடவை. முதல் தடவை அன்னைக்குன்னு பாத்து அவர் லீவு போட்டுட்டு வீட்லயே உக்காந்துட்டார். ரெண்டாவது தடவை சார்ஜரைத் தன் பையில போட்டுட்டுப் போயிட்டார். நான் யார்கிட்டயும் சொல்லவே இல்ல. என் ராசி அப்படி."

ராசியை ரிப்பேர் பண்ண எனக்குத் தெரியாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். உள்ளே எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் பட்டியல் அது. பிராசஸர் நாலு சதவீதம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"டாக்டரைப் பாத்ததும் காய்ச்சல் ஓடிப்போச்சு," என்று முதல்முறையாகச் சிரித்தாள்.

"தொடாதீங்க. கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் கையைக் கட்டிக்கிட்டு உக்காரலாம்," என்றேன்.

உட்கார்ந்தோம். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. இரண்டாவது நிமிஷம் நாலு சதவீதம் தொண்ணூற்றொன்றாயிற்று, ஃபேன் இரைந்தது. மௌஸை லேசாக நகர்த்தினேன், திரும்பவும் நாலு. மூன்று தடவை செய்து பார்த்தேன், மூன்று தடவையும் அப்படியே. ஆள் கை வைக்காத நேரமாகப் பார்த்து ஏதோ ஒன்று வேலை செய்கிறது. பட்டியலின் உச்சியில் அதன் பெயர் இருந்தது: பிரிண்டர் உதவி 2.

"பிரிண்டர் எங்கம்மா?"

"வீட்ல பிரிண்டரே கிடையாதேண்ணா."

பட்டியலைத் திரும்பவும் பார்த்தேன். ஏனென்றால் அந்தப் பெயர் நான் வைத்தது. பிள்ளைகள் கம்ப்யூட்டரில் என்ன செய்கிறார்கள் என்று பெற்றோர் ரகசியமாகப் பார்க்க ஒரு மென்பொருள் உண்டு. கடைக்கு வந்து கேட்பவர்களுக்குப் போட்டுக்கொடுப்பேன். பிரிண்டர் என்று பேர் வைத்தால் எந்தப் பிள்ளையும் சந்தேகப்படாது என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு, அதில் பெருமை வேறு. அதில் இருக்கிற எல்லாக் கட்டங்களிலும் டிக் போட்டுவிடுவதும் என் வழக்கம். இல்லாவிட்டால் அது வரவில்லை, இது வரவில்லை என்று திரும்பத் திரும்ப வந்து உயிரை எடுப்பார்கள்.

"பொண்ணு ஸ்கூலுக்குப் போயிருக்காளா?"

"எந்தப் பொண்ணு? எங்களுக்குக் குழந்தை இல்லண்ணா."

மூன்று மாதத்துக்கு முன் சட்டைக் கை மடிப்புக் கலையாமல் ஒருவர் வந்தார். மகள் பத்தாவது படிக்கிறாள், கெட்டுப்போய்விடக் கூடாது என்றார். நல்ல அப்பா என்று நினைத்துக்கொண்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்த மென்பொருள் அரை நிமிஷத்துக்கு ஒருமுறை திரையைப் படம் எடுக்கும். அவள் கையை எடுத்ததும் படங்களையெல்லாம் கட்டி அவருக்கு அனுப்பும். அந்த வேலைக்குத்தான் ஃபேன் இரைகிறது. பிடுங்கிப் போட எனக்கு ஐந்து நிமிஷம் போதும், ஆனால் பிடுங்கினால் அதையும் அது அவருக்குச் சொல்லிவிடும். வாயால் சொல்ல வெட்கம், திரையில் காட்டினால் படம் எடுத்துவிடும். அதனால் சர்வீஸ் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினேன். இது உங்கள் கணவர் பார்க்க வைத்தது. போட்டுக்கொடுத்த பாவி நான்தான். எடுத்தால் அவருக்குத் தெரிந்துவிடும்.

அவள் இரண்டு தடவை படித்தாள். அழவில்லை, கோபமும் படவில்லை. தாளை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப ராசி இல்ல," என்றாள். பிறகு, "இதை அப்படியே விட்டுடுங்கண்ணா. ஃபேன் இரையும்போது நான் ஜாக்கிரதையா இருந்துக்கறேன். நாளன்னிக்குப் பதினோரு மணிக்கு உங்க கடைக்கு வர்றேன். அங்க ஒரு கம்ப்யூட்டர் தருவீங்களா?"

"தர்றேம்மா," என்றேன். பாதிப் பாவம் கழிந்த மாதிரி இருந்தது.

சொன்ன நாளன்று காலையில் கடையைப் பெருக்கி, இருப்பதில் நல்ல கம்ப்யூட்டராகப் பார்த்து எடுத்து வைத்து, கேமராவைத் துடைத்து, நாற்காலிக்குக் குஷன் கூடப் போட்டேன். பதினொன்று ஆயிற்று. பதினொன்று ஐந்தும் ஆயிற்று. அவள் வரவில்லை, போன் வந்தது. கணவர்தான்.

"சார், அவளுக்குத் தர்றேன்னு சொன்ன கம்ப்யூட்டரை எடுத்து உள்ள வச்சுடுங்க. அவ வரமாட்டா. நீங்க அன்னிக்கு மைக்குக்கும் சேத்து டிக் போட்டுக் குடுத்தீங்க பாருங்க, அது ரொம்ப உபயோகமா இருக்கு."

திரைக்குத் தெரியாமல் இருக்க நான் தாளில் எழுதினேன். அவள் வாயால் பதில் சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த டிக்கைப் போட்ட நானே, தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடையை அப்படியே போட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். மூன்றாவது மாடிக்குப் போகும்போது பதினொன்று இருபது. கதவு வெளியே பூட்டியிருந்தது. உள்ளே லேப்டாப் ஃபேன் இரைந்துகொண்டிருந்தது. தட்டினேன். கதவுக்கு அந்தப் பக்கம் காலடி கேட்டது.

கதவுக்கு அடியில் ஒரு தாள் வந்தது. நான் கொடுத்த அதே சர்வீஸ் தாள், நாலாக மடித்தது. என் எழுத்துக்குக் கீழே அவள் எழுதியிருந்தாள்: "பேசாதீங்க. போனையும் சாவியையும் எடுத்துட்டுப் போயிட்டார். நான் பன்னெண்டு மணிக்கு உங்க கடையில இருக்கணும்."

பூட்டு பெரிய பூட்டு, புதுசு. அதை உடைக்க என்னால் ஆகாது. ஆனால் பூட்டைத் தாங்கிய தகடு கதவில் நாலு ஸ்க்ரூவில்தான் நின்றது, நாலும் வெளிப்பக்கம். பதினெட்டு வருஷமாக நான் செய்கிற வேலை அது. பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, மூச்சுச் சத்தம் கூட வராமல், முதல் ஸ்க்ரூவில் வைத்துத் திருப்பினேன்.