கிரகணத்தில் இறங்கிய தோணி

கிரகணம் பிடிக்கும்போது பிள்ளைத்தாய்ச்சி வெளியே தலைகாட்டினால் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும் என்பது எங்கள் குப்பத்துப் பேச்சு. நானோ நிறைமாதக்காரி. காலையிலேயே என்னைக் குடிசைக்குள் தள்ளித் தட்டியைச் சாத்திவிட்டு, வாசலில் காவலுக்கு உட்கார்ந்துவிட்டாள் மாமியார் லோகாம்பாள். கத்தியைத் தொடாதே, ஓலையைக் கிள்ளாதே என்று ஓயாத அதட்டல் வேறு. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

என் புருஷன் சடையன், கிரகணம் பிடிப்பதற்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லி, வலையை எடுக்க, எங்கள் ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துப் பக்கம் போயிருந்தார்.

உச்சிவேளையிலேயே வெயில் மங்கி, கோழிகள் அடையத் தொடங்கிய நேரத்தில் கரையில் கூச்சல் கேட்டது.

"ஐயோ, சடையன் தோணி கவுந்துச்சே!"

தட்டியை உதைத்துத் தள்ளிவிட்டு ஓடினேன். அமாவாசை இழுப்பு. ஏரித் தண்ணீர் மொத்தமும் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கவிழ்ந்த தோணியைப் பிடித்தபடி ஒரு தலை மட்டும் தெரிந்தது. முகத்துவாரத்தைத் தாண்டிவிட்டால் கடலலையில் ஆள் மிஞ்சமாட்டார். கரையிலோ ஆம்பிளைகள் கைகட்டி நின்றார்கள்.

"கிரகணம் வுடட்டும் பொன்னி. இப்ப தண்ணில கால வெச்சா ஊருக்கே ஆவாது" என்றார் ஊர்ப் பெரியதனக்காரர் செங்கல்வராயன்.

"அது வுடறதுக்குள்ள அவரு கடலுக்குப் போயிடுவாரே! இன்னா பேச்சு மாமா இது?"

எதிர்க்கரைக் கோட்டைச் சுவர்மேல் ஒல்லாந்து நாட்டு வெள்ளைக்காரத் துரைமார் வரிசையாக நின்று, கரி பூசிய கண்ணாடி வழியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கேயும் அங்கேயும் எல்லோருக்கும் கண் மேலேதான்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வானம் எவ்வளவு பெரிசாக இருந்தால் எனக்கென்ன, அங்கே யார் யாரை விழுங்கினால் எனக்கென்ன? எனக்கென்று இருந்தது அந்த ஒரு தலைதான்.

கரையில் கிடந்த தோணியைத் தள்ளினேன். அசையவில்லை. மறுபடி தள்ளியபோது சட்டென்று நகர்ந்தது. திரும்பிப் பார்த்தால் மாமியார், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தள்ளுகிறாள்.

"இன்னாடி பாக்கற? நான் பெத்தவன்டி அங்க கெடக்கறான். தள்ளு!"

இருவரும் ஏறினோம். நான் கோல் ஊன்றினேன். வானம் இருண்டு, நடுப்பகலில் வெள்ளி முளைத்தது. இழுப்போடு போய் அவரை எட்டிப் பிடித்து, ஆளுக்கொரு கையாகத் தோணிக்குள் இழுத்துப் போட்டோம்.

மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை அந்த மனுஷன். ஈரத் தலைத்துணியை அவிழ்த்து என் வயிற்றின்மேல் போர்த்தினார்.

"மேல பாக்காதடி... புள்ள... புள்ள..."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. செத்துப் பிழைத்தவருக்கு முதல் நினைப்பு இது! வானத்தில் இருக்கிற எதுவும் இந்த ஈரத்துணியைவிடப் பெரிசில்லை என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

"எடுய்யா அத. சூரியனும் பாக்கட்டும், சந்திரனும் பாக்கட்டும். நம்மள அதுங்க இன்னா பண்ணிடும்?"

கரை திரும்பத்தான் தண்ணீர் விடவில்லை. கோல் வளைந்தது. அப்போது கரைப் பக்கமிருந்து கயிறு பறந்து வந்தது. கழுத்தளவு தண்ணீரில் செங்கல்வராயன் மாமா, அவர் பின்னால் மொத்தக் குப்பமும். கிரகணம் இன்னும் விடவில்லை.

அடுத்த வாரம் பெண் பிறந்தாள். உதட்டைப் பார்க்க ஊரே வாசலில் கூடியிருந்தது. மாமியார் பிள்ளையை வெளியே கொண்டுபோய் வெயிலில் தூக்கிப் பிடித்தாள். பிள்ளை முழு வாயையும் திறந்து வீறிட்டது.

"நல்லா பாத்துக்கோங்கடி!" என்று அதற்கும் மேலே கத்தினாள் மாமியார். "கிரகணத்துல தோணி வுட்ட பொண்ணு இது!"