படுக்கப் போடக்கூடாத ரீவி

"அந்தக் கத்தியைக் கீழ வை" என்றாள் ஜெனீற்றா.

மட்டைப்பெட்டியின் ஒட்டுநாடாவில் கத்தியை வைத்தபடியே தம்பி றொமேஷ் நிமிர்ந்தான். விறாந்தை நடுவில் அப்பா இராயப்புவின் சவப்பெட்டி. தலைமாட்டில் சிலுவை, இரண்டு மெழுகுதிரிகள். எதிர்ச் சுவரில் சாத்தியபடி, ஆள் நீளத்துக்கு மேல், இன்னும் பிரிக்காத ரீவிப் பெட்டி.

"பிரான்சில மாமியாக்கள் எல்லாரும் லைவில பாக்கினம் அக்கா. அவையின்ர முகம் இதில தெரிஞ்சா, பக்கத்தில நிண்டு அழுத மாதிரி இருக்கும்."

"அப்பாவைக் கொன்ற சாமானுக்குள்ள இருந்து ஒருத்தரும் அழத் தேவையில்லை."

"மெல்லக் கதை. சனம் கேக்குது."

"சனம் கேக்கட்டுமெண்டுதான்."

சனம் வேறு கதையில் இருந்தது. எழுவைதீவில் செத்தவீடென்றால் தீவு முழுக்க ஒரு பந்தலுக்குள் வந்துவிடும். யன்னலுக்கு வெளியே சுருட்டுப் புகையோடு பேச்சு வந்தது.

"இராயப்பு வள்ளத்தில எழும்பி நிக்கிற மனுசனே? அதுவும் இந்தச் சோழகக் காத்துக்க?"

"யாழ்ப்பாண ரவுணால வந்தவர். ரெண்டு போட்டிருப்பார்."

"மகள் இல்லையெண்டுதான் சொல்லுது."

"மகள் வேற என்னத்தைச் சொல்லும்?"

அம்மா செத்த அன்று விட்ட சாராயத்தை அப்பா பிறகு தொட்டதில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு ஆராவது கிளாசை நீட்டினால் எழும்பிப் போய்விடுவார். அந்த மனுசனைத்தான் குடிகாரனாக்கிப் புதைக்கப் போகிறார்கள். விமானத்தால் இறங்கியதிலிருந்து தம்பியும் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். வாயைத் திறக்கவில்லை.

எல்லாம் அவனுடைய விளையாட்டறையால் வந்தது. சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில் யாழ்ப்பாணத்துக் கடையொன்றில் காசு போட்டு விளையாடுகிற வீடியோ கேம் பெட்டிகள் இருந்தன. மற்றப் பெடியள் விளையாட, அவன் பின்னால் நின்று பார்த்ததோடு சரி. இப்போது வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தால் தன் பிள்ளைகளோடு அந்தப் பழைய கேம்களை விளையாட அவனுக்கொரு அறை வேண்டும். அந்த அறைக்காக அப்பாவின் வலைகள் வெளியே போயின. அறைச் சுவருக்குக் கறுப்பு வர்ணம் பூசினார்கள். ரீவி தெரிவுசெய்ய அப்பாவும் அவளும் ரவுணுக்குப் போனார்கள். அப்பா போனை நீட்டியபடி கடை முழுக்க ஒவ்வொரு ரீவியாக றொமேஷுக்குக் காட்டிக்கொண்டு திரிந்தார்.

"இந்த அம்பத்தைஞ்சு இஞ்சி காணாதோ தம்பி? வள்ளத்துக்கையும் அடங்கும்."

"நாலுபேர் நிண்டு விளையாடுறது அப்பா. எழுபத்தைஞ்சுதான் வேணும். பொத்தானை அமத்தின உடன திரையில ஆள் பாயோணும். பிந்திப் பாஞ்சால் விளையாட ஏலாது. அதையும் வடிவாக் கேளுங்கோ."

அப்பா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அதை அப்படியே கடைக்காரரிடம் ஒப்பித்தார்.

ஊர்காவற்றுறைக் கரையில் ரீவியை வள்ளத்தில் ஏற்றியபோது, எதையும் ஏற்றுகிற பழக்கத்தில் அப்பா பெட்டியைப் படுக்க வைத்தார். போனில் றொமேஷ் கத்தினான்.

"படுக்கப் போடாதேங்கோ! திரை வெடிச்சிடும். பெட்டியில அம்புக்குறி போட்டிருக்கெல்லே. கரை வருமட்டும் நிமித்திப் பிடியுங்கோ."

"காத்தடிக்குது தம்பி."

"பிடிக்கச் சொன்னாப் பிடியுங்கோவன்."

படுக்க வைத்துக் கயிற்றால் கட்டியிருந்தால் போதும். மகன் பிடிக்கச் சொன்னான், அப்பா பிடித்தார். எழுவைதீவுத் துறையில் வள்ளம் திரும்பியபோது அலை அடித்துப் பெட்டி சரிந்தது. அதை நிமிர்த்த அப்பா எழும்பினார். சோழகம் பெட்டியைப் பாய்மரப் பாயைப் போல ஊதித் தள்ளியது. ரீவி வள்ளத்துக்குள் கிடந்த வலைக்குமேல் பத்திரமாக விழுந்தது. அப்பாவின் தலை துறைக்கல்லில் அடிபட்டது.

"சுவாமியார் வாறதுக்கு முதல் இந்தப் பெட்டி துறைக்குப் போகோணும்" என்று கத்தியோடு நின்ற தம்பிக்குச் சொன்னாள் ஜெனீற்றா. "தூக்கு."

"இப்பவோ? விசரே உனக்கு?"

"ஓம். தூக்கு."

அவள் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு அவன் ஒரு பக்கத்தைப் பிடித்தான். அன்றைக்கு வள்ளம் ஓட்டிய அந்தோனிப்பிள்ளை மற்றப் பக்கம் பிடித்தார். பந்தலைத் தாண்டிப் படலைக்கு வெளியே, கடல் தெரிகிற வெட்டை வெளிக்கு வந்ததும் ஜெனீற்றா சொன்னாள்.

"நீங்கள் விடுங்கோ அண்ணை. அவன் தனியப் பிடிக்கட்டும்."

"காத்து, பிள்ளை."

"அப்பா தனியத்தானே பிடிச்சவர்."

அந்தோனிப்பிள்ளை கையை எடுத்தார்.

காற்று பெட்டியில் அறைந்தது. றொமேஷ் பின்னால் போனான், திரும்பவும் முன்னால் இழுபட்டான், சப்பாத்து மணலில் சறுக்க முழங்காலில் விழுந்தான். பெட்டியை விடவும் ஏலவில்லை, பிடிக்கவும் ஏலவில்லை. குடித்தவன் ஆடுகிற ஆட்டம்தான் அது. பந்தலுக்குள் கதைத்தவர்கள் எழும்பிவந்து படலையில் நின்றார்கள். அவர்களில் ஒருவர் தன்னை மறந்து கத்தினார்.

"படுக்கப் போடடா, விசரா!"



றொமேஷ் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி நிலத்தைப் பார்த்தான்.

"படுக்கத்தான் வைச்சவர்" என்றான். "நான்தான் வேண்டாமெண்டனான். போனில. நிமித்திப் பிடிக்கச் சொன்னனான்."

அந்தோனிப்பிள்ளை படலைப் பக்கம் திரும்பினார். "எஞ்சின் சத்தத்தில எனக்கொண்டும் கேக்கேல்லை."

"எனக்குக் கேட்டது. சொன்னனான்" என்றாள் ஜெனீற்றா. "ஒருத்தரும் நம்பேல்லை."

கத்தியவர் வாயிலிருந்த சுருட்டை எடுத்துக் காலுக்குக் கீழே போட்டு மிதித்தார். அவளுக்குக் கோபம் ஆறவில்லை. ஆறுமென்று அவள் நினைக்கவும் இல்லை.

சுவாமியார் வந்து செபம் முடித்ததும் சவப்பெட்டியைத் தூக்கினார்கள். தலைமாட்டுப் பக்கம் றொமேஷ். வெட்டைக்கு வந்தபோது காற்று திரும்பவும் எழும்பியது. ஒருவரும் சொல்லாமலே எல்லோரும் முழங்காலை மடித்து, சவப்பெட்டியைத் தோளிலிருந்து இடுப்பளவுக்கு இறக்கிக்கொண்டு நடந்தார்கள்.

ரீவி படலைக்கு வெளியே மணலில் படுக்கக் கிடந்தது. ஊர்வலம் அதைச் சுற்றி வளைந்து போனது. மேலே என்று போட்டிருந்த அம்புக்குறி கடலைக் காட்டியது.