வெயிலில் காய்ந்த மருந்து

தண்ணீர் லாரி வந்த நேரம். ஏரிக்கரைக் கிராமமான தோணிரேவின் பெண்கள் எல்லாரும் குடத்தோடு நிற்கும்போதுதான் செல்வம்மாள் அதைச் சொன்னாள். பொன்னேரியில் தீவனக் கடை வைத்திருக்கும் எலிசபெத் கோழிக்கு டூப்ளிகேட் மருந்துப் பொடி விற்கிறாள். அதைக் கொடுத்த தன் பிராய்லர் குஞ்சுகள் ஒரு மாதமாகியும் புறா அளவில்தான் நிற்கின்றன, கழிச்சல் வேறு. சொன்னபோது வாய்க்கு இனித்தது.

கோழி வளர்க்கும் மற்ற பெண்களும் எலிசபெத்திடம் வாங்குவதை நிறுத்தினார்கள்.

எலிசபெத் பஸ் பிடித்து வந்தாள். சண்டைக்கு வரவில்லை. செல்வம்மாளின் கோழிக் கொட்டகைக்குள் குனிந்து, கோழிகள் குடிக்கும் தண்ணீரை மோந்து பார்த்தாள்.

"லாரித் தண்ணியாக்கா?"

"கேன் தண்ணி. லாரித் தண்ணில குளோரின் இருக்கு, அதுல மருந்து கலக்காதேன்னு நீதானே சொன்னே? எல்லாம் நீ சொன்னபடிதான்."

"பொடி எங்க?"

செல்வம்மாள் விறைப்பாகக் கொல்லைக்கு அழைத்துப் போனாள். பழைய வலைமேல் இறால் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில், வேட்டித் துணியில் பொடி மெலிதாகப் பரப்பியிருந்தது.

"ஏரிக் காத்துல கட்டி கட்டியாப் போச்சு. கெட்டுடப் போவுதுன்னு வாங்கினதுலேருந்து தெனம் காய வெக்கிறேன்."

எலிசபெத் பொடியை விரலால் தொட்டாள். சுட்டது.

"இதுல உயிர் இருக்குதுக்கா. கண்ணுக்குத் தெரியாத உயிரு. கோழி வயித்துல போய் வாழணும். கூடக் குடுத்த இன்னொரு பாக்கெட்டு அதுக்குத் தீனி. வெயில் படாம வெக்கச் சொன்னேனே."

சொன்னாள்தான். வெயில் பட்டால் எதுவும் கெடாது என்று மீனிலும் இறாலிலும் பழகிய கை கேட்கவில்லை.

"நான் கெளம்புறேங்க்கா," என்றாள் எலிசபெத். திட்டியிருக்கலாம்.

தெருவில் பக்கத்து வீட்டு வசந்தா நின்றிருந்தாள். அவளும் கோழி வளர்ப்பவள்.

"இன்னா, ஒத்துக்கினாளா?"

"நல்ல மருந்துதான்." செல்வம்மாள் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"அட, புதுப் பாக்கெட்டு குடுத்து வாயை அடைச்சுட்டாளா!"

முன்னே போய்க்கொண்டிருந்த எலிசபெத் ஒரு கணம் நின்றாள். திரும்பவில்லை. நடந்தாள்.

செல்வம்மாள் கொல்லைக்கு ஓடினாள். துணியை நான்கு மூலையும் சேர்த்துத் தூக்கி வந்து தெரு நடுவில் விரித்தாள்.

"அவ குடுத்தது நல்ல மருந்து. நான்தான் வெயில்ல போட்டுச் சாகடிச்சேன்."

வசந்தாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"மருந்தைக் கருவாடு போட்டியா? அடியே, எல்லாம் இங்க வந்து பாருங்கடி!"

சிரிப்பு வீடு வீடாகப் போயிற்று. செல்வம்மாளுக்குக் காது வரை எரிந்தது. முந்தானையை எடுத்து முகத்தை மூடவில்லை. இன்னும் உரக்கச் சிரிக்க மாட்டார்களா என்றிருந்தது, எலிசபெத் நிற்கும் பஸ் நிறுத்தம் வரை கேட்கும்படி.